மஞ்சப்பையில் மடித்த எக்ஸ்ரே

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். மஞ்சப்பைக்குள் எக்ஸ்ரே நாலாக மடித்துக் கிடந்தது. எடுத்து எட்டு மாதம் ஆகிறது. தொடை எலும்பின் மேல்முனையில் நெல்பொரியைத் தூவிவிட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மூட்டை தூக்கியதில் சுளுக்கு என்று சொல்லி அத்தனை மாதமும் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள்.

காண்ட்ரோசார்கோமா. குருத்தெலும்புப் புற்று. பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, இடுப்பு, தொடை, தோள் எலும்புகளில் வரும். அரிதான நோய்தான். ஆனால் இப்படி உருவிவிட்டு வந்தவர்களில் இந்த வருடம் எனக்கு இவர் மூன்றாவது ஆள்.

கட்டியில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்த பயாப்சி முடிவைச் சொன்னதும் அவருடைய மச்சான் முந்திக்கொண்டார். "கத்தி வச்சா பரவிடும் சார். கீமோ மட்டும் குடுத்துப் பாருங்க."

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, எழுதியே வைக்கிறேன். இந்தப் புற்றின் வழக்கமான வகைக்குக் கீமோ அநேகமாக வேலை செய்வதில்லை. கதிர்வீச்சுக்கும் லேசில் அசையாது. கட்டியை உடைக்காமல், சுற்றியுள்ள நல்ல சதையோடு முழுதாக எடுப்பதுதான் வைத்தியம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கீமோவில் சரியானதே என்பீர்கள். அவருக்கு வந்தது வேறு புற்று ஐயா!

அரைகுறைக் கத்தியால் கெடுதல் உண்டு, மறைக்கவில்லை. எம்ஆர்ஐ பார்க்காமல், சாதாரணக் கட்டி என்று சுரண்டினால் செல்கள் சிந்தும். பயாப்சி ஊசி போன தடத்தையும் பின்னால் கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டும். அதனால் ஊசியை எங்கே குத்துவது என்பதை, கடைசியில் அறுவை செய்யப்போகிறவர் முடிவு செய்யட்டும். (இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிலேயே சிலருக்குக் கோபம் வரும்.)

படுத்தாலும் விடாத வலி, ராத்திரி எழுப்பிவிடும் வலி என்றால் உருவாதீர்கள், படம் எடுங்கள். எடுத்ததை டாக்டரிடம் காட்டுங்கள். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், தயவுசெய்து மடிக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். அறுவைக்குப் பிறகும் வருடக்கணக்கில் வந்து காட்ட வேண்டும். இது தாமதமாகவும் திரும்பும், நுரையீரலுக்கும் போகும்.

"காலை எடுத்துடுவீங்களா?" என்றார் அவர். பெரும்பாலும் வேண்டியிருக்காது, எடுத்த எலும்புக்குப் பதில் உலோக மூட்டு வைக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நெல் அறுப்பு முடிஞ்சதும் வந்துடறேன் சார்."

மெஷின் அறுப்புக்கு இவர் எதற்கு என்று மச்சானைக் கேட்டேன்.