கொதிக்க வைக்க முடியாத மருந்து

பிரெஞ்சுப் படைகளை எதிர்த்து வியட்நாமின் விடுதலை இயக்கமான வியட்மின் போரிட்ட காலத்தில் (1946–54), அந்நாட்டின் வடக்கு மலைக்காட்டில், துயென் குவாங் மாகாணத்து சியெம் ஹுவாவில் ஒரு மருத்துவக் கல்லூரியே இயங்கியது. ஜப்பானில் ஆராய்ச்சி செய்துவிட்டு 1949இல் நாடு திரும்பிய தாங் வான் ங்கூ அங்கே மக்காச்சோளச் சாற்றில், பெனிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சுரக்கும் பெனிசிலியம் பூஞ்சையை வளர்த்து, புண் கழுவ வடிநீர் தயாரித்தார்.

பூஞ்சைக்குக் காற்று வேண்டும். காற்றை ஊதிக் கலக்கும் தொட்டி இல்லையென்றால், கொதிக்க வைத்து ஆறவிட்ட சாற்றை அகலமான பாத்திரத்தில் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மிகாமல் ஊற்றி, மேலே வித்துகளைத் தூவ வேண்டும். ஏறத்தாழ 24 டிகிரி வெப்பத்தில் வெள்ளை ஆடை படர்ந்து நீலப்பச்சையாகும். ஒரு வாரத்தையொட்டி வடித்துவிட வேண்டும். பேராசைப்பட்டு விட்டுவைத்தால் சாறு காரத்தன்மை ஏறி, உண்டான மருந்தே சிதையும்.

வடித்ததைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை; சூட்டில் பெனிசிலின் மூலக்கூறின் வளையம் உடைந்துவிடும். ஆகவே சுத்தம் முழுவதும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் வேறு பாக்டீரியா புகுந்து, பெனிசிலினைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் நொதியைச் சுரந்தால் போதும், அதோடு கலக்கும் நல்ல சாறும் வீண். கலப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதிப்பது எளிது: புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியைப் பரப்பிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் ஒரு சொட்டு. சுற்றிலும் தெளிவான வட்டம் விழுந்தால் மருந்து உண்டு.

இந்த வடிநீரை ஊசியாகப் போட முடியாது. பூஞ்சையின் புரதங்களும் காய்ச்சல் கிளப்பும் கழிவுகளும் அதில் கலந்தே இருக்கும். ஆனால் புண்ணுக்கு நேரடியாக ஊற்றுவதில் ஓர் ஆதாயம் உண்டு. ஊசியில் ஏற்றும் பெனிசிலினைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். நனைத்த கட்டுத் துணியோ மருந்தைப் புண்ணின்மேலேயே பிடித்துவைக்கும்.

அதற்கு முன் கத்தி வேலை முடிந்திருக்க வேண்டும். செத்த தசையையும் துணித் துணுக்கையும் வெட்டி எடுக்காமல் ஊற்றினால், உள்ளே காற்றில்லாத பைகளில் பெருகும் காஸ் காங்ரீன் (தசையை அழுகவைத்து வாயு உண்டாக்கும் நோய்) கிருமியை மருந்து எட்டாது. எட்டினால் அந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கும். பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் அடங்காது. அதற்கு எத்தனை முறை ஊற்றியும் பயனில்லை.

வடிநீர் சாதாரண வெப்பத்தில் சில நாட்களிலேயே வலுவிழக்கும். எனவே வடிநீர் தயாரிக்குமிடமும் மருத்துவமனையும் அருகருகே இருந்தாக வேண்டும். விமானம் குண்டு போட வந்தால் இரண்டும் சேர்ந்தே இடம் மாற வேண்டும்.