எருக்கின் உறவுக்கொடி: ஹோயாவை யாழ்ப்பாணத்தில் பூக்கவைப்பது எப்படி?

ஹோயாப் பூவை உற்றுப் பார்த்தால் எருக்கம்பூவின் சாயல் தெரியும். மெழுகில் வார்த்தது போன்ற ஐந்து இதழ்கள், நடுவில் உடு வடிவ முடி, காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால். இரண்டும் அப்போசைனேசியே குடும்பம். வாழும் இடம்தான் வேறு. எருக்கு வெட்டவெளியில் வேரை ஆழ இறக்கி நிற்கும். ஹோயாக்களில் பெரும்பாலானவை தென்கிழக்காசியக் காடுகளில் மரப்பட்டையைப் பற்றி ஏறுகின்றன. வாங்கிவந்த கொடி நம் வீடுகளில் சாவதற்குப் பெரும்பாலும் காரணம், அதைத் தரைச்செடியாக எண்ணிச் செம்பாட்டு மண்ணில் நடுவதுதான். அந்த வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நனைந்த செம்பாட்டில் காற்றுக்கு வழியில்லை. ஒரு மாரிக்குள் வேர் அழுகிவிடும்.

சாடிக்குள் போடவேண்டியவை எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் அளவில் வெட்டிய தேங்காய்ப் பொச்சுத் துண்டுகள் மூன்று பங்கு, சிரட்டைக்கரியும் உடைத்த ஓட்டுத் துண்டுகளும் சேர்த்து இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைப்பசளை ஒரு பங்கு. பொச்சில் உப்பு இருக்கும் என்பதால் ஒரு நாள் ஊறவைத்து, இடையில் மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். இதைத் தவிர்த்தால் இளவேர்களின் நுனி கருகும். 10 முதல் 12 சென்ரிமீற்றர் அகலமான மண்சாடி போதும். பெரிய சாடியின் நடுப்பகுதி காயாமலே கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை, கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று கொதியில் பிரிந்து தங்கிய சுண்ணாம்பு. அதே தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் சாடிக்குள் காரத்தன்மை ஏறும். அங்கே இரும்பு இருந்தாலும் கரையாது, வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் காரணம் இதுவே. பசளையைக் கூட்டினால் உப்புத்தான் சேரும். மாரியில் பீலித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து மூடி வைப்பதே நல்ல வழி. அது முடிந்தபின், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு மேல்தெளிவை மட்டும் ஊற்றலாம். உவர்க் கிணறாக இருந்தால் இது உதவாது; கொதித்தாலும் கறியுப்பு போகாது.

எப்போது ஊற்றுவது என்பதை இலையே சொல்லும். தடித்த இலைகளையுடைய ஹோயாக்கள் கள்ளி, அன்னாசி போல இலைவாய்கள் எனும் நுண்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாகச் சேமித்து, பகலில் கதவு மூடியபடியே ஒளித்தொகுப்புக்குச் செலவிடுகின்றன. இப்படி நீரிழப்பு குறைவதால் சில நாள் தண்ணீர் இல்லாமலும் தாங்கும். முதிர்ந்த இலையொன்றை இரு விரலால் மெல்ல மடியுங்கள். விறைத்து நின்றால் இன்னும் தேவையில்லை. வளைந்து கொடுத்தால் சாடியின் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். பொச்சு ஈரமாக இருக்கும்போதே இலை தொய்ந்தால் அது தாகமல்ல, வேரழுகல். அழுகியதை வெட்டி, மிஞ்சிய கொடியைப் புதிதாக வேர்விடச் செய்யுங்கள். இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டி, பாலைக் கழுவி, சில மணி நேரம் உலரவிட்டு, கீழ்க்கணுவை ஈரத் தும்பில் புதைத்தால் மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் வேர் வரும். பால் கண்ணில் படாமல் கவனம்.

காதலர் தினத்தை ஒட்டி, சிறு சாடியில் நிற்கும் ஒற்றை இதய வடிவ இலையை விற்பார்கள். அது ஹோயா கெரியின் இலை. வேர் விடும், ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ஆனால் கணுவும் தளிர்மொட்டும் இல்லாமல் வெட்டிய இலையில் இருந்து கொடி வராது. தண்டுத் துண்டோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கிழக்குப் பார்த்த விறாந்தை இதற்கு மிக நல்லது. ஒன்பது மணிவரை இளவெயில், பிறகு கிடுகு நிழல். வைகாசிக்குப் பின் வீசும் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, இலைகளைக் காயவைக்கும். அந்தப் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும். பசளை, தண்ணீரில் கரையும் 20:20:20 (நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சம அளவில்), லீற்றருக்கு அரைக் கிராம், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அடைமழைக் காலத்தில் பசளை வேண்டாம். சாடியைக் கூரைக்குள் எடுத்துவிடுங்கள்.

துண்டில் இருந்து வளர்ந்த கொடி பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கலாம். இந்தக் காத்திருப்பில் பலர் செய்வது, இலையில்லாமல் நீண்டு தொங்கும் புதுக்கொடியை அசிங்கம் என்று நறுக்குவது. இலையும் பூவும் பின்னர் வருவது அந்தக் கொடியில்தான். பூங்கொத்து உதிர்ந்தபின் நிற்கும் குட்டைக் காம்பையும் வெட்டவே கூடாது. அடுத்த முறை மொட்டு அதன் நுனியிலேயே கட்டும். பழைய பூக்களின் தழும்புகளை அதில் எண்ணலாம். மொட்டுக் கட்டியபின் சாடியை இடம் மாற்றினாலோ காயவிட்டாலோ மொட்டுகள் உதிரும்.

பூவின் பொறியை எருக்கில் பார்ப்பது சுலபம். நடுத்தூணின் பக்கத்தில் உள்ள நுண்ணிய வெடிப்பில் ஊசிமுனையை நுழைத்து மேலே இழுத்தால், கறுப்புக் கிளிப் ஒன்றில் தொங்கும் இரண்டு மஞ்சள் பைகள் வெளிவரும். மகரந்தம் முழுவதும் அந்தப் பைகளில்தான். ஹோயாவிலும் இதே ஏற்பாடு. தேனுக்கு வரும் பூச்சியின் கால் வெடிப்பில் சிக்கி, கிளிப்போடு பைகளை இழுத்துச் செல்லும். இன்னொரு பூவின் வெடிப்பில் பை பொருந்தினால் மட்டுமே காய். பல இனங்களில் மணம் மாலையில் கூடுவது, இரவில் வரும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான்.

உறவுமுறையால் ஒரு தொல்லையும் வரும். எருக்கிலும் அரளியிலும் அடையும் மஞ்சள் அசுவுணி ஹோயாவின் இளங்கொடிக்கும் ஏறும். அந்த மரங்களில் இருந்து சாடியைத் தள்ளி வையுங்கள். கண்டவுடன் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சவர்க்காரமும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அருமையாகக் காய் பிடித்தால், வெடிக்குமுன் மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். எருக்கின் விதை போலவே இதன் விதையும் பட்டுக் குஞ்சத்தோடு பறந்துவிடும். முளைக்கும் திறன் விரைவில் குறைவதால், கிடைத்த கிழமையிலேயே ஈரத் தும்பின் மேல் தூவிவிடுங்கள்.