ஸ்ட்ராப்: கைக்கடிகாரத்தின் வார்

கடிகாரக் கடையில் போய் "ஸ்ட்ராப் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் குறைவு. "வாட்ச் பெல்ட் மாத்தணும்" என்பதுதான் நம் வழக்கம். அதுவே எஃகில் இருந்தால் "செயின்". ஈழத்தில் மணிக்கூட்டுப் பட்டி. பேச்சுக்கு இவை தாராளமாகப் போதும். எழுத உட்காரும்போதுதான் இடிக்கிறது. லட்சக்கணக்கில் விலை போட்ட ஒரு டைவ் வாட்சை, அதாவது கடலில் மூழ்குவோருக்கான கடிகாரத்தை, பற்றி எழுதுகிறவர், முகப்புக்கும் சுழல் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் பத்தி பத்தியாக ஒதுக்குவார். நாள் முழுக்கத் தோலில் உரசிக்கொண்டிருக்கும் பகுதிக்கு வந்ததும் 'பெல்ட்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு கடிகாரத்தைக் கழற்றத் தோன்றாமல் வைத்திருப்பதும், மதியத்துக்குள் கழற்றி மேசைமேல் வைக்கச் செய்வதும் பெரும்பாலும் அந்தப் பகுதிதான். அதற்கு ஒரு நல்ல சொல் வேண்டாமா?

முதலில் ஆங்கிலச் சொல்லின் வேர். 'ஸ்ட்ராப்' என்பது 'ஸ்ட்ரொப்' என்ற பழைய சொல்லின் திரிபு. சவரக்கத்தி தீட்டும் தோலுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ஸ்ட்ரொப் என்றே பெயர். அதற்கு மூலம் லத்தீனின் 'ஸ்ட்ரொப்பஸ்'. அதற்கும் பின்னால் கிரேக்கத்தில் 'ஸ்ட்ரொஃபோஸ்', அதாவது முறுக்கிய கயிறு. முறுக்கு, திருப்பு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. லத்தீன்காரர்கள் ஸ்ட்ரொப்பஸ் என்று சொன்னது துடுப்பைப் படகின் முளையோடு பிணைத்த வாரை. பிற்காலத்துக் கப்பல்களில் கப்பியைச் சுற்றிக் கட்டிய கயிற்று வளையமும் ஸ்ட்ரொப்தான். ஆக, கடலில் ஒரு பொருள் கைநழுவிப் போகாமல் பிடித்துவைப்பதே இந்தச் சொல்லின் பழைய வேலை. மூழ்குவோரின் கடிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

தமிழில் இதற்கு நான் முன்வைப்பது 'வார்'. புதிதாக உருவாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. செருப்பு வார் அறுந்தது என்கிறோம். மிருதங்கத்தின் இரு முகங்களையும் இழுத்துப் பிடித்திருப்பது வார். சுருதி இறங்கினால் வார் பிடிக்க வேண்டும் என்பார்கள். இழுத்துப் பிடிப்பது, வேண்டும்போது இறுக்குவது ஆகிய இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

வார் என்றால் தோல் அல்லவா, ரப்பருக்கும் நைலானுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தொல்காப்பிய உரியியல் இப்படிச் சொல்கிறது: "வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள." நேராக இருத்தல், நீண்டிருத்தல், இவைதான் வார்தலின் பொருள். தோலைப் பற்றிப் பேச்சே இல்லை. பனையோலையை நீளநீளமாகக் கிழிப்பதும் ஓலை வார்தல்தான். பெரும்பாலும் தோலிலிருந்து அறுத்ததால் தோலோடு ஒட்டிக்கொண்டதே தவிர, நேராக நீண்ட எந்தக் கீற்றுக்கும் வார் பொருந்தும். சங்கப் பாடல்களில் இதற்கு உறவான வேறு சொற்களும் உண்டு. புறநானூறு 82-இல் கட்டில் பின்னுகிறவர் ஊசியால் விரைந்து செலுத்தும் வாருக்குப் 'போழ்' என்று பெயர். போழ்தல் என்றால் பிளத்தல். 15-ஆம் பாட்டில் முழவை இறுக்கிக் கட்டிய வார் 'விசி'. இரண்டும் அழகான சொற்கள். ஆனால் இன்று போழ் என்று எழுதினால் வாசகர் அகராதியைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

பட்டை? தட்டையாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் சொல் அது. மரத்திலும் பட்டை, பிரியாணியிலும் பட்டை. "பட்டை போட்டிருக்கார்" என்றால் நாம் நெற்றியைத்தான் பார்ப்போம், மணிக்கட்டை அல்ல. ஈழத்துப் 'பட்டி' அதைவிட நல்ல சொல். ஆசனப்பட்டி, இடுப்புப்பட்டி என்று அங்கே நன்றாக ஊன்றியும் விட்டது. அங்கே எழுதுவோர் அதை விடத் தேவையில்லை.

இனி இந்தச் சொல்லைத் தண்ணீருக்குள் இறக்கிப் பார்ப்போம்.

முதல் தலைமுறை நவீன டைவ் வாட்சுகள் 1953-இல் வந்தன. அந்த ஆண்டுதான் பிளாங்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வெளியானது. நிறுவனத்தை நடத்திய ஜான் ஜாக் ஃபீஷ்டர் தாமே மூழ்குபவர். பிரெஞ்சுப் படையின் நீர்மூழ்கி வீரர்களான ரொபேர் மலூபியேவும் கிளோது ரிஃபோவும் தங்களுக்குத் தேவையானதை அவரிடம் சொல்லிச் செய்துவாங்கினார்கள். பெயரைக் கவனியுங்கள். ஃபாதம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், நம் கடலோரத்தில் ஆழம் சொல்லும் 'பாகம்' அதேதான். ஐம்பது பாகம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர். ரோலக்ஸின் சப்மரைனரும் அதே காலத்தது. முதல் மாதிரி 100 மீட்டர் தாங்கியது.

கடிகாரத்தின் கூடு 100 மீட்டர் தாங்கினால் போதாது, அதைப் பிடித்திருக்கும் வாரும் தாங்க வேண்டும். டைவ் வாட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரநிலையில் வாருக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. வாரைக் கூட்டோடு இணைக்கும் பின் ஒவ்வொன்றும் 200 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். ஏறக்குறைய இருபது கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். பெரும்பாலான கடிகாரங்களில் அந்தப் பின் இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. விளம்பரத்தில் 300 மீட்டர், 500 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். கடிகாரம் கடலடியில் காணாமல் போக அந்த ஒரு பின் விட்டுப்போனாலே போதும்.

இதற்கு விடையாக வந்ததுதான் இன்று எல்லோரும் நேட்டோ என்று அழைக்கும் நைலான் வார். அதன் பிறப்பு பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் 1973 விவரக்குறிப்பில்: சாம்பல் நிறம், 20 மி.மீ. அகலம், குரோம் பூசிய பித்தளை பக்கிள். நேட்டோ கூட்டணிக்கும் இதன் வடிவமைப்புக்கும் சம்பந்தமில்லை. இராணுவக் கிடங்குகளில் பொருள்களுக்குக் கொடுக்கும் நேட்டோ இருப்பு எண்ணிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். அதன் சூட்சுமம் ஒரே துண்டாக இருப்பதில் இருக்கிறது. ஒரு பின்னுக்கு மேலாக வந்து உள்ளே நுழைந்து, கூட்டின் முதுகை ஒட்டி ஓடி, மறு பின்னுக்கு மேலாக வெளியே வருகிறது. ஒரு பின் தெறித்தாலும் கடிகாரம் மறு பின்னில் தொங்கிக்கொண்டிருக்கும். குறை என்னவென்றால், முதுகுக்கும் தோலுக்கும் இடையில் நைலான் அடுக்கு வந்துவிடுவதால் ஏற்கெனவே தடிமனான கடிகாரம் இன்னும் உயர்ந்து நிற்கும். சட்டைக் கைக்குள் போகாது. வியர்வையில் நனைந்தால் உலர நேரமாகும், நாலு நாளில் வாடையும் வரும். துவைத்துக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்பதே ஆறுதல்.

சுவிஸ் கடிகார நிறுவனமான டியூடர் 2021-இல் பிரெஞ்சுக் கடற்படையின் கமாண்டோ ஊபேர் பிரிவினரோடு சேர்ந்து உருவாக்கிய பெலகோஸ் எஃப்.எக்ஸ்.டி. பின்னையே ஒழித்துவிட்டது. டைட்டானியக் கூட்டோடு சேர்த்தே கடைந்த அசையாத கம்பிகள். ஒற்றைத் துண்டு வாரை மட்டுமே நுழைக்க முடியும். அந்த நெசவு வாரை பிரான்சின் செந்த் எத்தியென் வட்டாரத்து ஜூலியன் ஃபோர் நிறுவனம் ஜக்கார்ட் தறிகளில் நெய்கிறது. பட்டுச்சேலைக் கரையை நெய்யும் அதே வகைத் தறிநுட்பம்.

இறுக்கம் தனிக் கதை. குளிர்கடலில் மூழ்குகிறவர்கள் நியோப்ரீன் என்னும் நுரை ரப்பர் உடைக்கு மேலே கடிகாரம் கட்டுவார்கள். நியோப்ரீன் முழுக்க நுண்ணிய வாயுக் குமிழ்கள். மேல்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம், 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. இறங்க இறங்கக் குமிழ்கள் நசுங்கி உடை மெலியும். கரையில் சிக்கென்று கட்டிய வார் அடியில் தொளதொளத்துப் போகும். அடியில் இறுக்கிக் கட்டினாலோ மேலே வரும்போது மணிக்கட்டைப் பிடிக்கும். சீக்கோ 1975-இல் வெளியிட்ட 600 மீட்டர் கடிகாரம் இதற்கு ஒரு வழி கண்டது. இகுஓ தோகுனாகா தலைமையில் வடிவமைத்த அதன் பாலியூரித்தேன் வாரில், கூட்டை அடுத்த பகுதி மட்டும் ஹார்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே இருக்கும்போது மடிப்புகள் விரிந்து நிற்கும். உடை மெலிய மெலியத் தாமே சுருங்கும். ஜப்பானியர் இதை 'ஜபரா' என்பார்கள், நேர்ப்பொருள் பாம்பின் வயிறு. கூட்டுக்கு முதன்முதலில் டைட்டானியம் போட்ட டைவ் வாட்ச் என்ற பெருமையும் இதற்கே; என்னைக் கேட்டால் அந்த வார்தான் பெரிய சாதனை.

நம் ஊர் வெயிலில் டைவ் வாட்ச் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில் இறங்குவதே இல்லை. இங்கே சிக்கல் வியர்வை. 1960-களின் சுவிஸ் டைவ் வாட்சுகளில் பரவலாக வந்த ட்ராபிக் வகை ரப்பர் வாரை இன்றும் பலர் தேடி வாங்குவது சும்மா இல்லை. மெல்லியது, துளைகள் உண்டு, உட்புறம் வழவழப்பாக இல்லாமல் மேடுபள்ளமாக இருப்பதால் காற்றுப் போக இடம் கிடைக்கும். சிலிக்கோன் மென்மையானது, ஆனால் பஞ்சையும் தூசியையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். எஃப்.கே.எம். என்னும் ஃப்ளோரோ ரப்பர் சற்றுக் கனம். வியர்வைக்கும் சன்ஸ்கிரீனுக்கும் அசையாது. தோல் வார் உப்புத்தண்ணீரில் விறைத்து வெடித்துவிடும், பேச்சே வேண்டாம்.

இப்போது 'செயின்'. ஆங்கிலத்தில் பிரேஸ்லெட், லத்தீனில் புயத்தைக் குறித்த 'பிராக்கியம்' அதன் வேர். நம் கடகம், தொடி வரிசையில் வரும் அணிகலச் சொல். உலோகக் கண்ணிகளைக் கோத்த இதை வார் என்பது முழுக்கப் பொருந்தாது. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் நமக்குக் கண்ணி என்பதால் 'கண்ணிவார்' என்று எழுதிப் பார்க்கலாம். பேச்சில் செயின் இருந்துவிட்டுப் போகட்டும்.

எஃகுக் கண்ணிவாருக்கு ஒரு நன்மை உண்டு: அதன் எடை தடித்த கூட்டின் எடையைச் சமன்செய்யும். மெல்லிய ரப்பர் வாரில் கனத்த கூட்டைக் கட்டினால் கடிகாரம் மணிக்கட்டின் ஓரத்துக்குச் சரிந்து சரிந்து போகும். தொல்லை, அளவு. காலையில் சரியாக இருந்தது வெயிலேறிக் கை உப்பியதும் பிடிக்கும். ஒரு கண்ணியை எடுத்தால் இறுக்கம், விட்டால் தொளதொளப்பு. ரோலக்ஸ் சப்மரைனரின் கிளைட்லாக் பூட்டு இதற்காகவே: பூட்டுக்குள் பல்வரிசை, கருவி எதுவும் இல்லாமல் ஏறக்குறைய 2 மி.மீ. படிகளில் மொத்தம் 20 மி.மீ. வரை நீட்டலாம். மூழ்கும் உடைக்காகச் செய்த ஏற்பாடு, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தினமும் பயன்படுகிறது. டியூடரின் 2012 பெலகோஸ் பூட்டில் சுருள்வில்லே இருக்கிறது. உடை மெலிந்தால் தானே இழுத்துக்கொள்ளும். சீக்கோவின் பாம்பு வயிறு செய்த வேலையை உலோகத்தில் செய்கிறது.

உறுப்புகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். வாரை ஏந்தும் கூட்டின் நான்கு நீட்சிகளுக்கு ஆங்கிலத்தில் 'லக்'. அந்தச் சொல்லுக்குக் காது என்ற பொருளும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'கோர்ன்', கொம்பு, என்பார்கள். அண்டாவுக்கும் வாணலிக்கும் காது வைத்த நமக்குக் காதே சரி. இரு காதுகளுக்கு இடைப்பட்ட அகலம்தான் வார் வாங்கும்போது கேட்க வேண்டிய அளவு. இன்றைய சப்மரைனருக்கு 21 மி.மீ., அதற்கு முந்தையதற்கு 20. கிளாஸ்ப் என்பதற்குப் பூட்டு. பக்கிளை பக்கிள் என்றே விடலாம்.

ஒரு வம்பு மிச்சம் இருக்கிறது. ரோலக்ஸ் 2015-இல் யாட்மாஸ்டர் கடிகாரத்தோடு ஆய்ஸ்டர்ஃப்ளெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பார்த்தால் கறுப்பு ரப்பர் வார். நிறுவனமோ அதை ஸ்ட்ராப் என்று சொல்வதில்லை, பிரேஸ்லெட் என்றே சொல்கிறது. காரணம், உள்ளே டைட்டானியம்-நிக்கல் கலவையில் வளையக்கூடிய தகடு ஓடுகிறது; அதன்மேல்தான் ரப்பர் போன்ற எலாஸ்டோமர் பூசியிருக்கிறார்கள். தோலில் படும் பக்கம் இரு ஓரங்களிலும் மெத்தை போன்ற மடிப்புகள் இருப்பதால் காற்றோட்டம் கிடைக்கிறது, கடிகாரமும் சரியாமல் நிற்கிறது. விலையை நியாயப்படுத்த பிரேஸ்லெட் என்ற சொல் உதவுகிறது என்று குறும்பாகச் சொல்வாரும் உண்டு. தமிழில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கண்ணி கிடையாது, கோர்வை கிடையாது, நேராக நீண்டிருக்கிறது: தகடு வைத்த வார்.