நெட் எந்த இடத்தில் திணறுகிறது? எம்டிஆர் கருவியை நிறுவுவதும் படிப்பதும்

மதுரை செல்லூரிலோ திருநகரிலோ ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு திக்க ஆரம்பித்தால் கேபிள்காரருக்குப் போன் போகும். “எங்க சைடு ஓகே சார், உங்க வைஃபையைப் பாருங்க” என்று பதில் வரும். ஸ்பீடு டெஸ்ட் இந்த வழக்கைத் தீர்க்காது. அது வேகத்தைச் சொல்லும்; பாதையில் எந்த இடம் பழுது என்று சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே இருக்கும் திறமூலக் கருவி எம்டிஆர் (mtr). மேட் கிம்பால் 1997இல் எழுதியது; மறுவருடம் ரோஜர் வூல்ஃப் பராமரிப்பை ஏற்றார். ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் சூட்சுமம் டிடிஎல் என்ற எண்ணில் இருக்கிறது. நெட்டில் போகும் தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு டிடிஎல் எண்ணோடு புறப்படும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டை வீசிவிட்டு, “காலம் முடிந்தது” என்ற ஐசிஎம்பி (வலை நிலையைத் தெரிவிக்கும்) செய்தியை அனுப்பியவருக்கே திருப்பி விடும். பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றாதிருக்க வைத்த ஏற்பாடு இது. எம்டிஆர் அதையே பயன்படுத்திக்கொள்கிறது. டிடிஎல் 1 வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் பதில் தரும், 2 வைத்தால் இரண்டாவது. ட்ரேஸ்ரவுட் என்ற பழைய கருவியும் இதைத்தான் செய்கிறது, ஆனால் ஒரு சுற்றோடு நின்றுவிடும். எம்டிஆர் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு ஹாப்புக்கும் (வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டருக்கும்) பதில் வராத பாக்கெட்டுகளின் இழப்பு சதவீதத்தையும் சராசரி, குறைந்த, அதிகபட்ச நேரங்களையும் கணக்கிட்டபடி இருக்கும்.

உபுண்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் எம்டிஆர்-டைனி’ போதும். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதினாலும் டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) புதிய பதிப்பு வேண்டும், ஓஎன்டி பெட்டி (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வைத்து நாள் முழுக்க ஜேசான் என்ற, நிரல்கள் படிக்க எளிதான வடிவில் பதிவு எடுக்க வேண்டும் என்பவர்கள் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது நல்லது.

முதலில் தேவையான பொதிகளைப் போடுங்கள்: கிட், பில்ட்-எசென்ஷியல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பிகேஜி-கான்ஃபிக், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்ஜான்சன்-டெவ், லிப்கேப்-டெவ். கிட்ஹப்பில் டிராவிஸ்கிராஸ் கணக்கில் இருக்கும் எம்டிஆர் களஞ்சியத்தை ‘கிட் குளோன்’ செய்து, அந்த அடைவுக்குள் போய் ‘பூட்ஸ்ட்ராப்.எஸ்ஹெச்’ ஓட்ட வேண்டும். ‘ஏலோக்கல் இல்லை’ என்று அது நின்றால் ஆட்டோமேக் விடுபட்டிருக்கிறது. அடுத்தது ‘கான்ஃபிகர்’. மானிட்டர் இல்லாத பெட்டியில் ஜன்னல் இடைமுகத்துக்கு வேலை இல்லை என்பதால் ‘வித்தவுட்-ஜிடிகே’ சேர்த்துவிடுங்கள்.

கான்ஃபிகர் ஓடி முடித்ததும் கடைசியில் சின்னப் பட்டியல் ஒன்று காட்டும்: ஐபிவி6, என்கர்சஸ், ஜிடிகே, ஜான்சன் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது நோ. பலரும் இதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஜான்சன் நூலகம் கிடைக்காவிட்டால் கான்ஃபிகர் சண்டை போடாது. ஜேசான் வசதியை விட்டுவிட்டு அமைதியாக முடித்துவிடும். பிறகு ‘ஜேசான்’ என்று கேட்கும்போதுதான் அப்படி ஒரு விருப்பமே இல்லை என்று வரும். என்கர்சஸ் ‘நோ’ என்றால் ஓடிக்கொண்டே மாறும் திரை கிடைக்காது. பட்டியல் சரியாக இருந்தால் ‘மேக்’, பிறகு ‘சூடோ மேக் இன்ஸ்டால்’. சிறிய நிரல்தான், சீக்கிரம் முடிந்துவிடும்.

தகராறு இதற்குப் பிறகுதான். எம்டிஆர் உண்மையில் இரண்டு நிரல்கள். திரையைக் காட்டுவது எம்டிஆர். பாக்கெட் அனுப்பி வாங்குவது எம்டிஆர்-பாக்கெட். ஐசிஎம்பி பாக்கெட்டைக் கையால் உருவாக்கச் சிறப்பு அனுமதி வேண்டும் என்பதால், அந்த அனுமதி இரண்டாவது சிறு நிரலுக்கு மட்டும் தரப்படுகிறது. ‘மேக் இன்ஸ்டால்’ செய்யும்போது அனுமதி தரும் செட்கேப் கட்டளை வழியாக இது தானாக நடக்கும். ஆனால் அந்த அனுமதி கோப்பின் துணைப் பண்பாகத்தான் ஒட்டியிருக்கிறது. வெறும் ‘சிபி’ கட்டளையில் நகலெடுத்தாலோ பென்டிரைவில் போட்டு இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனாலோ அது உதிர்ந்துவிடும். சாக்கெட்டைத் திறக்க முடியவில்லை என்ற பிழைதான் மிஞ்சும். சேர்ந்த இடத்தில் ‘செட்கேப்’ கட்டளையால் ‘கேப்_நெட்_ரா’ அனுமதியை மறுபடி கொடுத்தால் சரியாகும்.

இன்னொரு சிக்கல் பாதை. நிரல்கள் ‘யூஎஸ்ஆர்-லோக்கல்-எஸ்பின்’ அடைவில் போய் உட்காரும். உபுண்டுவில் அது சாதாரணப் பயனரின் தேடல் பாதையில் இருக்கிறது, டெபியனில் இல்லை. அங்கே ஏற்கெனவே ஆப்ட் வழியாகப் பழைய எம்டிஆர் போட்டிருந்தால் அதுதான் ஓடும். நீங்கள் புதியது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ‘விச் எம்டிஆர்’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இனி படிப்பது. திரையில் ஒரு வரி என்பது ஒரு ஹாப். தவறான புகார்களில் பாதி பிறப்பது இங்கேதான். நான்காவது வரியில் 60 சதவீதம் இழப்பு, ஐந்திலிருந்து கடைசி வரை பூஜ்யம் என்று வந்தால் நான்காவது ரவுட்டரில் பழுது எதுவும் இல்லை. 100 பாக்கெட்டில் 60 அங்கே தொலைந்திருந்தால் அதைத் தாண்டிய வரிகளிலும் அந்த இழப்பு தெரிந்தாக வேண்டும். கூட்ட நேரத்தில் டீ மாஸ்டர் வழி கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் டீ ஆற்றிக்கொண்டிருப்பது போல, ரவுட்டர் பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவதற்குத்தான் முதலிடம் தரும். ஐசிஎம்பி பதிலுக்கு வரம்பு வைத்திருக்கும். எனவே எப்போதும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். கடைசியில் இழப்பு இருந்தால், அது எந்த வரியில் தொடங்கி இடைவிடாமல் இறங்கி வருகிறது என்பதே கேள்வி.

முதல் வரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உங்கள் சொந்த ரவுட்டர். அங்கேயே அதிகபட்ச நேரம் 200 மில்லிசெகண்ட் காட்டி, கீழே எல்லா வரியும் அதேபோல் ஆடினால் கேபிள்காரர் சொன்னது சரி, வைஃபைதான். பழைய வீடுகளின் தடித்த சுவர் சிக்னலை விழுங்கும். லேன் கேபிளில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினால் வழக்கு அவர் பக்கம். 10 என்றோ 100.64 என்றோ தொடங்கும் முகவரிகள் பெரும்பாலும் அவருடைய உள்வலை. ஓஎன்டியின் அமைப்புத் திரையில் ஒளியளவைப் பாருங்கள்: பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற ஃபைபர் முறைக் கருவிகளுக்கு மைனஸ் 27 டிபிஎம் (ஒளியளவின் அலகு) தான் கீழ் எல்லை. அதை ஒட்டி இருந்தால் போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் எங்கேயோ மடிந்திருக்கலாம், அல்லது கனெக்டரில் தூசி.

நேரத்துக்கும் இயற்கையான அடிமட்டம் உண்டு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். மதுரையிலிருந்து சென்னை சாலை வழியே ஏறத்தாழ 460 கிலோமீட்டர், போய்வர 4.6 மில்லிசெகண்ட். எந்த பிளான் போட்டாலும் இதற்குக் கீழே பெரிதாக இறங்காது. 10 வந்தால் நல்ல பாதை. சென்னை சர்வருக்கே 40 காட்டினால், பாக்கெட் மும்பை போன்ற தொலைவான ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று ஹாப்களின் பெயர்களைப் பாருங்கள். பல நிறுவனங்கள் ரவுட்டர் பெயரிலேயே ஊரின் சுருக்கத்தை வைத்திருக்கும். கூகுளின் 8.8.8.8 முகவரியை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். ஒரே முகவரி பல ஊர்களில் இருப்பதால் எந்த ஊர் பதில் சொன்னது என்று தெரியாது.

புகாரோடு அனுப்ப, ‘ரிப்போர்ட்-வைட்’ விருப்பத்தோடு எண்ணிக்கையை 100 ஆக வையுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் 10 பாக்கெட்டோடு முடித்துவிடும். பத்தில் ஒன்று போனாலே 10 சதவீதம் என்று காட்டும் கணக்கை யாரும் மதிக்க மாட்டார்கள். நெரிசலான இரவில் ஒன்று, விடிகாலையில் ஒன்று என இரண்டு அறிக்கை எடுங்கள். இரவில் மட்டும் இழப்பு என்றால் அது நெரிசல், இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் இணைப்பில் பழுது. தளம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் கடைசி வரியில் 100 சதவீத இழப்பு என்று வந்தால் அங்கே ஃபயர்வால் என்ற காவல் நிரல் ஐசிஎம்பியைத் தடுக்கிறது. தளத்தைத் திறக்கும் அதே வழியில் போக, ‘டிசிபி’ விருப்பமும் போர்ட் 443ம் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.