பேஸ் வெயிட் – மாறாச் சுமை

தோள்பையோடு நாட்கணக்கில் நடப்பவர்களிடம் புழங்கும் சொல் 'பேஸ் வெயிட்'. சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் ஆகியவற்றை வெளியே எடுத்துவிட்டு, மிச்சச் சாமான்களைப் பையோடு சேர்த்து நிறுத்தால் வருவது அது. உடுத்திருக்கும் உடுப்பும் காலில் கிடக்கும் செருப்பும் கணக்கில் வராது.

ஏன் இந்தக் கழிவு? உண்ண உண்ணச் சோறு குறையும், குடிக்கக் குடிக்கத் தண்ணீர் குறையும். கூடாரமும் படுக்கையும் பையும் முதல் நாள் எவ்வளவோ, கடைசி நாளும் அவ்வளவுதான். மூன்று நாள் நடப்பவரின் பையையும் பத்து நாள் நடப்பவரின் பையையும் ஒப்பிட இந்தக் கணக்குத்தான் சரி.

அமெரிக்க வழக்கில் இது 10 இறாத்தலுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் 'அல்ட்ராலைட்', அதாவது மிக இலேசான சுமை. நம் இலங்கைப் பாண் கணக்கில் பத்து இறாத்தல் பாண்! 1990களில் அமெரிக்க நெடுநடைக்காரர் ரே ஜார்டின் இந்த முறையைப் பரப்பினார். அவருக்கு வெகு முன்பே, 1955இல், எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண் தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அமெரிக்காவின் நெடிய நடைபாதையான அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்துவிட்டார். கூடாரத்துக்குப் பதில் குளியலறைத் திரைச்சீலை.

தமிழில் 'அடிப்படை எடை' என்று சொல்லலாம். ஆனால் அது எதற்கு அடிப்படை என்று யாருக்கும் விளங்காது. அப்புறம் எடையா, நிறையா என்ற சிக்கல் வேறு: தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பது நம் பாடநூலில் 'திணிவு', அவர்களின் 'எடை' நமக்கு 'நிறை'. 'பாரம்' வடமொழி வழி வந்தது. 'சுமை' சுமத்தலிலிருந்து பிறந்தது, இரு கரையிலும் ஒரே பொருள். ஆகவே 'மாறாச் சுமை' என்பேன். நடக்க நடக்கக் குறையும் பங்கில், உணவுக்குப் பழஞ்சொல்லே இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி. வழிக்கு எடுத்துப்போகும் கட்டுச்சோறு.

வன்னியில் மாறாச் சுமையைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை. குளிர்நாட்டு உறக்கப்பை இங்கே எதற்கு? ஒரு சாரம், நுளம்பு வலை, மாரியில் ஒரு தறப்பாள் போதும். இங்கே தோளை முறிப்பது தண்ணீர்தான். ஆடி ஆவணியில் சிறு குளங்கள் வற்றிவிடும். லீற்றருக்கு ஒரு கிலோ. நாலரை லீற்றர் எடுத்தாலே அல்ட்ராலைட் வரம்பை எட்டிப் பிடித்துவிடும். மாறாச் சுமையை மட்டும் பார்த்துப் பெருமைப்படுவது இந்த மண்ணில் ஏமாற்றுக் கணக்கு.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வன்னி வழியாகக் கதிர்காமம் நடக்கும் அடியார்களைப் பாருங்கள். ஒரு துணிமூட்டைதான் அவர்களின் மாறாச் சுமை. ஆற்றுணாவை வழிக் கோயில்களும் ஊர்மக்களும் அன்னதானமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலைத் தாண்டி யால காட்டுக்குள் இறங்கும்போதுதான் அரிசியும் தண்ணீரும் தலையில் ஏறும்.