எழுதிய இடத்திலேயே மறுபடி எழுதிய கெர்னல்

2023 டிசம்பர் 9 அன்று, லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 12.3 பதிப்பு வெளிவந்திருக்க வேண்டும். வரவில்லை. அதில் இருந்த 6.1.64 லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கிறது என்று தெரிந்ததும் வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் 6.1.66 கெர்னலுடன் 12.4 வந்தது. தவறு ஒளிந்திருந்ததோ, கோப்பில் எழுதும் வேலை முடிந்த பிறகு ஓடும் சில நிரல் வரிகளில்.

எழுதி முடித்த பிறகும் வேலை உண்டு. கோப்பு நீண்டிருந்தால் புதிய அளவைப் பதிய வேண்டும். எழுதியது வட்டில் பத்திரமாகச் சேர்ந்தாக வேண்டும் என்று நிரல் கேட்டிருந்தால் அதை உறுதி செய்ய வேண்டும். அடுத்து எங்கே எழுதுவது என்று காட்டும் குறியை, எழுதிய பைட்டுகளின் அளவுக்கு முன்னே தள்ள வேண்டும். தரவை நினைவகத்தில் தற்காலிகமாக வைக்கும் இடைச்சேமிப்பைத் தொடாமல் நேரே வட்டுக்கு எழுதும்போது, ஐயோமேப் என்ற பொது அடுக்கும் கோப்பு முறைமையும் இந்த வேலைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐயோமேப் முதலில் கோப்பு முறைமையைக் கூப்பிட்டு, 'உன் பங்கு முடிந்ததா?' என்று கேட்கும். 6.1 கெர்னலில் அதற்கு 0 என்று விடை வந்தால்தான் குறி நகரும்.

ஈஎக்ஸ்டி4இல் வேறொரு பழைய குறை இருந்தது. தரவை வட்டில் உறுதி செய்த பிறகுதான் கோப்பின் அளவு மாறும்; அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், பத்திரம் என்று சொல்லப்பட்ட தரவு கோப்புக்கு வெளியே நின்றுவிடும். அதைத் திருத்தியவர்கள் அளவு மாற்றத்தை முன்னதாகவே நடக்கச் செய்தார்கள். கூடவே, வெற்றி என்றால் 0 என்பதற்குப் பதிலாக எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை விடையாக வரத் தொடங்கியது. புதிய கெர்னல்களில் ஐயோமேப் இதற்கு ஏற்கெனவே பழகியிருந்தது. பழைய 6.1 வரிசைக்கோ ஈஎக்ஸ்டி4 திருத்தம் மட்டும் வந்தது, அதற்குத் துணையான ஐயோமேப் திருத்தம் வரவில்லை.

விளைவைப் பாருங்கள். ஒரு நிரல் 4096 பைட்டுகள் எழுதுகிறது. விடை 4096. அது 0 அல்ல என்பதால் ஐயோமேப் குறியைத் தொடாமல் அதே 4096ஐ நிரலிடம் கொடுத்துவிடுகிறது. நிரலுக்கோ எல்லாம் சரியாக முடிந்த தோற்றம். அடுத்த 4096 பைட்டுகளும் அதே இடத்தில், முந்தையதன் மேலேயே விழுகின்றன. பிழைச் செய்தி ஏதும் கிடையாது. என் கணக்கில் இதுதான் மிக மோசமான அம்சம்.

இதைக் காட்டிக்கொடுத்தது, வேடிக்கையாக, படிப்பதைச் சோதிக்கும் ஒரு சோதனை நிரல். 61 இருக்க வேண்டிய இடத்தில் 62 இருக்கிறது என்றது அது. கணினி எழுத்துகளை எண்களாகவே வைக்கும்; பதினாறை அடியாகக் கொண்ட பதினாறடிமான எண்முறையில் 61 என்பது ஆங்கிலத்தின் முதல் சிறிய எழுத்து, 62 இரண்டாவது. முதலில் எழுதியதை அடுத்து எழுதியது விழுங்கியிருந்தது அந்த இரண்டு எண்களிலேயே அப்பட்டமாகத் தெரிந்தது.

விடுபட்ட ஐயோமேப் திருத்தம் 6.1.66இல் சேர்ந்தது: விடை 0ஐவிடப் பெரிதாக இருந்தால் அந்த அளவுக்குக் குறியை நகர்த்து, அவ்வளவுதான். இடைச்சேமிப்பு வழியாக எழுதும் பெரும்பாலான நிரல்கள் முதலிலேயே தப்பின. ஒவ்வொரு முறையும் எழுதும் இடத்தைத் தாமே சொல்லும் நிரல்களும் அந்தக் குறியை நம்பியிருக்கவில்லை. மாட்டிக்கொண்ட கோப்புகளுக்குத்தான் வழியில்லை. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவி தன் கணக்குகளை மட்டுமே பார்க்கும். அந்தக் கணக்குகளில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் தரவுதான் தவறு. கெர்னலைப் புதுப்பித்தாலும் மேலெழுதப்பட்டது திரும்பி வராது, காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டும்.