லோகோவை விடுங்கள், உங்கள் பேஜில் பேசுவது யார்?

போன வாரமும் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். வீட்டிலிருந்தே ஆடை தைத்துக் கொடுப்பவர். வாங்கியவர்கள் நாலு பேரிடம் சொல்லி, அப்படியே வளர்ந்த தொழில். "பேஜ் ஆக்டிவாத்தான் இருக்கு, ஆனா முன்ன மாதிரி யாரும் கேட்டு வர்றதில்லை. லோகோவை மாத்திடலாமா?" என்றார்.

அவருடைய சமூக வலைதளப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய பதிவுகள் அவரே எழுதியவை: "இந்தத் துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், அதனால் அளவைத் தளர்வாக வைக்கிறேன்." அப்புறம் பக்கம் ஒரு விளம்பர ஏஜென்சியின் கைக்குப் போயிருக்கிறது. "உங்கள் கனவுகளுக்கு வடிவம் தருகிறோம்" என்ற வாசகம், எங்கிருந்தோ எடுத்த மாடல் படங்கள். கீழே பழைய வாடிக்கையாளர் ஒருவர், "தொழிலை வேற யாருக்காவது கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில்: "உங்கள் ஆர்வத்திற்கு நன்றி! மெசேஜ் செய்யவும்."

தொழில் மட்டும்தான் மாறுகிறது, இதே கதை எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பிராண்ட் என்றால் லோகோ என்ற நினைப்பை எப்போதுதான் விடப் போகிறோம்?

லோகோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடுவதற்கு முன் பெரிய நிறுவனங்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். 2009-இல் டிராபிகானா தன் ஜூஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டது. உள்ளே இருந்தது அதே ஜூஸ்தான். ஆனாலும் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டிக்கே திரும்பும் முடிவுக்கு வந்தார்கள். 2010-இல் கேப் (Gap) என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் தன் புது லோகோவை ஒரு வாரத்துக்குள் கைவிட்டது. மக்கள் எதை வைத்து அடையாளம் காண்கிறார்களோ, அதைப் பிடுங்கினால் தடுமாறிப் போகிறார்கள். சிறுதொழிலில் அந்த அடையாளம் பெட்டியும் இல்லை, லோகோவும் இல்லை, நீங்கள்தான். உங்கள் பேச்சை எடுத்துவிட்டு விளம்பர வாசகத்தை வைத்தால், புது லோகோ எதைக் காப்பாற்றும்?

பெரிய கம்பெனி மாதிரித் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இதோடு சேர்ந்ததுதான். தனி ஆளாகத் தொழில் செய்துகொண்டு "எங்கள் நிபுணர் குழு" என்று எழுதாதீர்கள். போன் செய்தால் எடுப்பதும் நீங்கள், பில் போடுவதும் நீங்கள். வாங்க வருபவருக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். "நான்" என்றே எழுதுங்கள்.

அதற்காக வீட்டு விஷயம் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். குழந்தைகளின் படம், குடும்பச் சண்டை எதுவும் தேவையில்லை. தொழிலைப் பற்றி உண்மையாகப் பேசினால் போதும். தினமும் பதிவு போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

வேலையை வெளியே கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் நீங்கள் பேசி அனுப்பும் வாய்ஸ் நோட்டிலிருந்து அவர்கள் எழுதட்டும். பதிவேற்றும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வாடிக்கையாளரிடம் நேரில் சொல்ல மாட்டாத வரி என்றால் வெட்டிவிடுங்கள். ஏஐ எழுதித் தருவதற்கும் இதே விதிதான். கமெண்டுக்கு மட்டும் நீங்களே பதில் எழுதுங்கள், குறிப்பாகக் குறை சொல்பவர்களுக்கு.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள்: பில், போர்டு, கூகுள் மேப், பேஜ். கைவிட்ட பழைய பக்கங்களை மூடுங்கள். உங்கள் லோகோ நிறத்தின் கலர் கோட் (கணினியில் அந்த நிறத்தைக் குறிக்கும் எண்) என்ன என்று குறித்து வையுங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் நிறம் அச்சில் அப்படியே வராது, மாதிரி பார்க்காமல் மொத்தமாக அடிக்கக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான லோகோவை பேனருக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வடிவமைத்தவரிடம் எஸ்விஜி (SVG) கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

காசு கொடுத்து ரிவ்யூ வாங்கவே கூடாது. போலி ரிவ்யூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது.

கடைசியாக, இதை இன்றே பாருங்கள்: இணையதளத்தின் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது, பேஜுக்கு அட்மின் யார், ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது? ஏஜென்சியோடு மனஸ்தாபம் வந்தபிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்.